ஐயர் கையோடு கொண்டுபோன மாடு

சபையின் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று பாஸ்டர் ஜோயல் கேட்டார். ஈப்போவில் இருக்கும் எங்கள் சபைக்கு அவர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நல்ல பிள்ளை. கிதார் வாசிப்பார், பிரசங்கத்துக்கு நடுவே திரையில் படம் காட்டுவார். வந்த கையோடு சபைக்கு ஒரு வாட்சாப் ஜெபக்குழுவையும் தொடங்கிவிட்டார். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற உபதேசியாருக்கு வேறு என்ன வேலை, காலையில் எழுந்ததும் அதைத்தான் படிக்கிறேன்.

"குனோங் ராபாட் சகோதரி ஒருவரின் மகள் யாரோடோ பழகுகிறாளாம், பெயர் வேண்டாம், இரண்டாவது மகள், ஜெபித்துக்கொள்ளுங்கள்." இப்படி ஒன்று வரும். குனோங் ராபாட்டிலிருந்து எங்கள் சபைக்கு வருகிற குடும்பங்களில் இரண்டு மகள்கள் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழும். இன்னொருவர், "சகோதரர் ஒருவருக்கு வேலை போய்விட்டது, காரணம் தனியாகச் சொல்கிறேன், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்பார். காரணம் கேட்டுத்தான் எல்லாருக்கும் பாரம். முன்பெல்லாம் புறம்பேச வேண்டுமானால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடக்க வேண்டும். இப்போது முழங்காலில் நின்றபடியே பேசி முடித்துவிடலாம்.

கர்த்தருக்கே தெரியாத விவரங்களை எல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்கிற இந்தக் குழுவைப் பார்க்கும்போது எனக்குத் தம்பிராஜா ஐயர் நினைவுதான் வருகிறது. ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் பாஸ்டரின் இஷ்டம்.

வெளியார் படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசைவீடுகளில் இருந்த இந்துப் பிள்ளைகள் அவர் சட்டைக்குள் பூணூலைத் தேடியதுண்டு. உபதேசியார் என்பவர் ஐயருக்கு அடுத்த படி. படி என்றால் அவர் ஏறுவதற்காக இருக்கிற படி. வீடு சந்திப்பது, சாவு வீட்டில் ஜெபம் செய்வது, மணி அடிப்பது, மைக் வேலை செய்யாவிட்டால் அதைத் தட்டுவது எல்லாம் என் வேலை. பால் மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, வேதபாடசாலையில் படித்து, சுமாராகத் தேறி வந்தவன் நான். பலரை விட்டுவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என்னிடம் வேன் ஓட்டும் லைசன்ஸ் இருந்ததுதான். இதை ஐயரே என்னிடம் சொன்னார்.

ஐயர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது ஈப்போவில். ஒல்லியான ஆள். யாராவது பதறிக்கொண்டு வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். வந்தவர் பதற்றம் அடங்கும்வரை துடைப்பார். கண்ணாடியில் அழுக்கே இருக்காது. சபை கமிட்டிக் கூட்டங்களில் அந்தக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன். மகள் யாரோடோ போய்விட்டாள் என்று செய்தி. வார நாளில், பட்டப்பகலில், வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தில் துக்கத்தை ஏற்றிக்கொண்டு லயத்துக்குள் நடந்தேன். ஆம்புலன்ஸ் வந்தாற்போல் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நான் அந்த வீட்டு வாசலை அடைவதற்குள் எனக்குப் பின்னால் ஒரு சிறு ஊர்வலமே சேர்ந்திருந்தது. அதுவரை இரண்டு வீட்டுக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம் அன்று தோட்டம் முழுவதும் தெரிந்தது. பெண்ணின் தாய் என்னை உள்ளே கூப்பிடவேயில்லை.

ஐயரிடம் வந்து சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"உபதேசியார், சாமுவேல் பெத்லகேமுக்குப் போகேக்க கையில என்ன கொண்டு போனான்?"

எண்ணெய்க் கொம்பு என்றேன். தாவீதை ராஜாவாக அபிஷேகம் பண்ணத்தானே போனான்.

"அது உள்ள வச்சிருந்தது. வெளிய என்ன கொண்டு போனான்?"

அவரே சொன்னார். சவுல் சிம்மாசனத்தில் இருக்கும்போதே வேறொருவனை ராஜாவாக்கச் சொல்லிக் கர்த்தர் சாமுவேலை அனுப்புகிறார். சவுல் கேள்விப்பட்டால் கொன்றுவிடுவான் என்று அந்தக் கிழவர் பயப்படுகிறார். நியாயமான பயம். கர்த்தர் அவரிடம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தைரியமாகப் போ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. ஒரு மாட்டைக் கையோடு கொண்டு போ, கேட்டால் பலியிட வந்தேன் என்று சொல் என்றுதான் சொன்னார்.

"வானத்தையும் பூமியையும் படைச்சவரே அண்டைக்கு ஒரு மாடு வேணும் எண்டு நினைச்சார். நீர் வெறுங்கையோட போறீர்" என்றார் ஐயர்.

அன்று முதல் எங்கள் இருவருக்குள் அதுதான் பேச்சு. இரகசியமாகப் பார்க்க வேண்டிய வீட்டுக்குப் போவதற்கு முன் மாடு தயாரா என்று கேட்பார். மாடு என்றால், நாலு பேர் பார்க்கும்படியான, யாருக்கும் உறுத்தாத ஒரு காரியம். புது வருடக் காலண்டர் கொடுப்பது, பண்டிகைக்குக் கோழி கேட்பது, ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரிப்பது, இப்படி ஏதாவது ஒன்று. அதில் ஐயர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மாடு நிஜமாக இருக்க வேண்டும். சாமுவேல் அந்த மாட்டைப் பலியிடாமல் திரும்பவில்லை. ஒரு தடவை, குடித்துவிட்டு வேலை இழந்த ஒருவரைப் பார்ப்பதற்காக அவர் வீட்டு ஏணியை இரவல் கேட்டுப் போனார் ஐயர். பேச வேண்டியதைப் பேசிவிட்டு, ஏணியைத் தோளில் சுமந்து வந்து, நல்லாயிருந்த பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

இந்தப் பேச்சு யார் காதிலோ விழுந்து, ஐயரும் உபதேசியாரும் சேர்ந்து மாட்டு வியாபாரம் செய்கிறார்கள் என்று கமிட்டிக்குப் போனது. செயலாளர் ஆசீர்வாதம் அண்ணன் அதைக் கூட்டத்தின் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் எழுப்பினார். அவர் தோட்டத்து ஆபீசில் ஆட்கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தை விற்று வீடுகளாகக் கட்டிய பிறகும் அவர் கிராணிதான், ஆட்கள் மட்டும் இல்லை. அந்தக் குறையைச் சபையில் தீர்த்துக்கொண்டார். லாபம் வந்தால் கமிட்டிக்குச் சொல்கிறேன் என்று ஐயர் பதில் சொன்னார். அது அப்படியே பதிவாகியது.

இனி எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்தர் அவள் பெயர் அல்ல, அவள் புருஷனை ஜேம்ஸ் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான்.

எஸ்தர் ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். இரண்டு பிள்ளைகள். ஜேம்ஸ் லாரிப் பட்டறையில் இருந்தான். அவன் நம் செயலாளரின் கூடப்பிறந்த தம்பி. குடித்தால் அடிப்பான், குடிக்காவிட்டால் குடிக்க முடியவில்லையே என்று அடிப்பான். அவள் ஒரு தடவை பிள்ளைகளோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போது கைப்பேசி எல்லாரிடமும் இல்லை, ஆனால் ஜெபச் சங்கிலி இருந்தது. ஒருவர் இருவருக்குச் சொல்ல, இருவர் நால்வருக்குச் சொல்ல, பொழுது சாய்வதற்குள் அவள் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது சபைக்கே தெரிந்துவிட்டது. செயலாளர் நாலு பெரியவர்களோடு பாட்டுப் புத்தகம் சகிதமாகப் போய்ச் சமாதானம் பேசி அழைத்து வந்தார். பிரிந்த குடும்பத்தைக் கர்த்தர் சேர்த்துவைத்தார் என்று ஸ்தோத்திர ஜெபம் நடத்திப் பிரியாணி போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். அந்த வாரமே அவள் மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். போலீசில் கொடுத்த புகாரையும் குடும்பப் பேர் கெடும் என்று செயலாளர் திரும்ப வாங்கவைத்தார்.

அறுப்பின் பண்டிகை நெருங்கிய சமயம். பாடகர் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் எஸ்தர் ஐயரிடம் வந்தாள். நான் கதிர் வைக்கும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை. ஐயர், உனக்காக ஜெபிக்கட்டுமா அம்மா என்று கேட்டார்.

"ஜெபம் நெறைய பண்ணிட்டாங்க ஐயா. எனக்கு வேன் வேணும்" என்றாள் அவள்.

இன்னொரு தடவை பிடிபட்டால் கொன்றுவிடுவேன் என்று ஜேம்ஸ் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதைச் செய்கிறவன் என்பதும் அவளுக்குத் தெரியும். வடக்கே அவளுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். ஐயர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். 

"பாரிட் புந்தார் வேன் எப்ப போகுது?" என்று என்னைக் கேட்டார்.

பண்டிகைக்குப் பலிபீடத்தில் நெற்கதிர் கட்டுவது எங்கள் சபை வழக்கம். எங்கள் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்தது ரப்பர் மரத்துப் பட்டையைத்தான், நெல்லை அரிசியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் வேதத்தில் கதிர் என்றுதான் இருக்கிறது, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைக் கொண்டுவந்து பலிபீடத்தில் வைக்க முடியுமா? நாற்றம் தாங்காது. ஆகவே ஒவ்வொரு வருடமும் பண்டிகைக்கு முந்தின நாள் நான் சபை வேனை எடுத்துக்கொண்டு வடக்கே பாரிட் புந்தார் வயலுக்குப் போய்க் கதிர்க்கட்டு வாங்கி வருவேன். கட்டிக் கொடுக்கப் பெண்கள் இரண்டு பேர் கூட வருவார்கள். அந்த வருடம் சபைப் பெண்களில் மூத்தவரான அன்னம்மா அக்காவும் எஸ்தரும் வருவதாக ஐயர் அறிவித்தார். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறை, பிள்ளைகளும் வயலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார். அருமையான மாடு. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜேம்ஸ் மனந்திரும்பிவிட்டான். அவ்வளவு காலம் திரும்பாதவன் அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத் திரும்பினான். மண்டியிட்டு அழுதான். இனிக் குடும்பத்தை விட்டு ஒரு நிமிடம்கூடப் பிரியமாட்டேன், நாளைக்கு நானும் வேனில் போய்க் கதிர் தூக்குவேன் என்றான். செயலாளர் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஐயரிடம் ஓடினேன். எல்லாம் கெட்டது, இனிக் கர்த்தர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"அவர் பார்ப்பார். பாக்கிறதெண்டால் உம்மையும் என்னையும் வச்சுத்தான் பார்ப்பார்" என்றார் ஐயர். "அவனுக்கும் ஒரு மாடு வேணும். சாட்சி சொல்ல ஆள் போட்டாச்சோ?"

பண்டிகை ஆராதனையில் ஒருவர் எழுந்து, தான் எப்படி இருந்தேன், கர்த்தர் தன்னை எப்படி மாற்றினார் என்று சாட்சி சொல்வது வழக்கம். அந்த வருடம் ஆள் கிடைத்திருக்கவில்லை. ஐயர் நேராகப் போய் ஜேம்ஸிடம் கேட்டார். இது சின்னக் காரியமில்லை, நாளைக் காலை என் வீட்டுக்கு வாரும், உட்கார்ந்து ஒழுங்குபடுத்துவோம் என்றார். ஜேம்ஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கதிரைத் தூக்க யாரும் போகலாம், சாட்சி சொல்ல அவனால்தானே முடியும். அண்ணனும் கூட உட்கார்ந்து திருத்திக் கொடுப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் வேன் புறப்படும்போது ஜேம்ஸ் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஐயர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தான். ஐயர் பாவங்களை ஆதியிலிருந்து தொடங்கச் சொன்னாராம். அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல். நல்ல இடம் வரும்போதெல்லாம், அதை இன்னொருக்கால் சொல்லும் என்பாராம். தன்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஒரு மனுஷனை ஜேம்ஸ் வாழ்நாளில் கண்டதில்லை. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

நான் கோலகங்சார் வழியாகப் பழைய ரோட்டில் ஓட்டினேன். எஸ்தரிடம் சாக்குப்பை ஒன்றுதான் இருந்தது, கதிர் கட்டுவதற்கு என்று கொண்டுவந்தது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தன. ஓர் இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். எந்த இடம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்த மலரை யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாக்குப்பையை எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. "சீக்கிரம் போங்க அண்ணே, கதிரு வாங்கணும்ல" என்றாள். நான் வேனைக் கிளப்பினேன்.

பாரிட் புந்தார் போனால் வயலில் ஒரு கதிர் இல்லை. அந்த வருடம் இயந்திரம் முந்திக்கொண்டு வந்து மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை வெறும் தாள். மாடு செத்துப்போனால் என்ன செய்வது என்று ஐயர் சொல்லித் தரவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் வேன் எதற்குப் போனது என்று செயலாளர் கேட்பார், ஐயர் வாயில் பொய்யும் வராது. அன்னம்மா அக்கா வேனை விட்டு இறங்கிச் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் நடந்தார். வாய்க்கால் மூலையில், இயந்திரம் திரும்ப முடியாத ஒரு முக்கில், கைலி கட்டிய மலாய்ப் பெரியவர் ஒருவர் அரிவாளால் மிச்சக் கதிரை அறுத்துக்கொண்டிருந்தார். கோயில் பண்டிகைக்கு என்று கேட்டேன். எந்தக் கோயில், என்ன பண்டிகை என்று அவர் கேட்கவில்லை. "அம்பில் லா", எடுத்துக்கொள் என்று மலாயில் சொல்லி, இரண்டு பெரிய கட்டைத் தூக்கிக் கொடுத்தார். தேவபராமரிப்பைப் பற்றி வேதபாடசாலையில் நான் எழுதிய பரீட்சை எல்லாம் எனக்கு அந்த வரப்பில்தான் விளங்கியது.

சாயங்காலம் திரும்பினோம். ஜேம்ஸும் செயலாளரும் ஐயர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் கதிர்க்கட்டை இறக்கினேன், அன்னம்மா அக்கா இறங்கினார். வேறு யாரும் இறங்கவில்லை. ஜேம்ஸ் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். அவள் எங்கே என்று என் சட்டையைப் பிடித்தான்.

"அவரை விடும். என்னைக் கேளும்" என்றார் ஐயர்.

"எங்க ஐயா அவ?"

"தெரியும். சொல்ல மாட்டன்."

எவ்வளவோ சுற்றிவளைத்துப் பேசிப் பழகிய மனுஷன். அன்று அவர் கையில் ஒரு மாடும் இல்லை. கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. தேவ ஊழியர் இப்படி ஏமாற்றலாமா என்று செயலாளர் கத்தினார். எதில் ஏமாற்றினேன் என்று ஐயர் கேட்டார். கதிர் வந்துவிட்டது, சாட்சியும் தயார். ஜேம்ஸ் அங்கே கிடந்த நாற்காலியைத் தூக்கிவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஐயரின் குரல்தான் கேட்டது.

"அடிக்கிறதெண்டால் அடியும். நாளைக்குச் சாட்சி சொல்லேக்க அதையும் சேர்த்துச் சொல்லும்."

நான் கண்ணைத் திறந்தபோது நாற்காலி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ஐயரைத் தஞ்சோங் மாலிம் பக்கம் மாற்றினார்கள். யார் மனுக் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போகும்போதும் எஸ்தர் இருக்கும் இடத்தை அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கதிர் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறைந்திருந்தது. பலிபீடத்தின் இருபுறமும் கதிர் தங்கமாக நின்றது. ஜேம்ஸ் சாட்சியை விடவில்லை. ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுத் தயாரித்தது, வீணாக்க மனம் வருமா? கர்த்தர் என் குடும்பத்தைக் கட்டியெழுப்பினார் என்ற இடம் வரை அப்படியே ஒப்பித்துவிட்டு, பிறகு மனைவியைப் பிசாசு கொண்டுபோய்விட்டது என்று புதிதாகச் சேர்த்துக்கொண்டான். உடனே செயலாளர் எழுந்து ஜெபித்தார். நீளமான ஜெபம். தெரிந்தவர்கள் வாயைக் கர்த்தர் திறக்கட்டும் என்றார்.

"அவள அவ புருஷன் காலடியில கொண்டாந்து சேரும் ஆண்டவரே" என்று முடித்தார்.

ஆண்கள் பக்கம் ஆமென் என்றது. நானும் பழக்கதோஷத்தில் பாதி சொல்லிவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. எங்கள் சபையில் ஆமென் என்பதே பெண்கள் குரல்தான், ஆண்கள் அதற்குப் பின்னால் முனகுவார்கள். செயலாளர் காத்திருந்தார். பிறகு இன்னும் உரக்க, ஆமென் என்றார். மின்விசிறிச் சத்தம்தான் பதிலாக வந்தது. பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் செயலாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. ஐயர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஐயருக்கும் எனக்கும் அன்னம்மா அக்காவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று ஒரு வாரமாக மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். என் மனைவி ரூபியிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு எஸ்தர் விஷயம் எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"எல்லா பொம்பளைக்கும் முன்னமே தெரியும்லா" என்றாள் ரூபி. "நீங்களும் ஐயாவும் பயந்துக்குவீங்கன்னுதான் ஒங்க ரெண்டு பேருக்கிட்ட மட்டும் சொல்லல."